நடுநிலை என்றால் ஒதுங்கி நிற்பதா?

கேள்வி (மடிப்பாக்கத்தான்):
எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பதா, ஆள் கணக்கில் பிரிப்பதா என்று கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னோம். செயலாளர் என்ற முறையில் மினிட்ஸ் புத்தகத்தில் ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எழுதினேன். எதற்கும் கை தூக்காதவர்களை ‘நடுநிலை’ என்று எழுதினேன். அதைப் படித்த மாடிவீட்டுப் பெரியவர் கோபித்துக்கொண்டார். “வாயே திறக்காதவங்களுக்கு இந்தச் சொல்லைக் கொடுக்கிறியே தம்பி, இது எவ்வளவு பெரிய சொல் தெரியுமா?” என்றார். செய்தித்தாளில் எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்? இந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் தமிழாசிரியை:
பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது தம்பி. திருக்குறளின் 12ஆம் அதிகாரம் ‘நடுவு நிலைமை’. பகை, நொதுமல், நண்பு என்ற மூன்று பகுதியிலும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதுதான் நடுவு நிலைமை என்று பரிமேலழகர் விளக்குகிறார். இதில் ‘நொதுமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பகையும் இல்லை, நட்பும் இல்லை, அயலார் என்று பொருள். அப்படிப்பட்டவர்களை நொதுமலர் என்பார்கள். நீங்கள் சொல்லும் கை தூக்காத ஆட்கள் அந்த வரிசையில்தான் வருவார்கள். நடுவு நிலைமை உடையவரோ அந்த மூன்று பேரில் ஒருவர் இல்லை. மூவரையும் ஒரே முறையால் நடத்த வேண்டிய நாலாவது ஆள். அவருக்கு நண்பர் இருக்கலாம், பகைவர் இருக்கலாம். தீர்ப்பு அதனால் சாயக்கூடாது, அவ்வளவுதான்.

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்ற 118ஆம் குறளையும் பாருங்கள். துலாக்கோல் முதலில் சமமாக நிற்கும். பொருளை வைத்ததும் எது கனம் என்று காட்டிவிடும். காட்டாத தராசை யாராவது நேர்மையான தராசு என்போமா? பட்டிமன்றத்துக்கு நடுவர் என்று ஒருவரை உட்கார வைக்கிறோமே, அவரும் கடைசியில் தீர்ப்புச் சொல்லித்தானே ஆகவேண்டும்! நிகண்டுகளில் யமனுக்கே ‘நடுவன்’ என்று ஒரு பெயர் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறார் உருத்திரங்கண்ணனார். இந்தப் பகல் சூரியன் இருக்கும் பகல் இல்லை, நுகத்தடியின் நடுவில் அடிக்கும் ஆணி. இரண்டு மாடும் இழுக்கிற முழு விசையும் அந்த ஆணியில்தான் வந்து விழும். நடுவில் நிற்பதை எங்கே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார், பாருங்கள்! அந்த வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளமாட்டார்கள், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று பாட்டு தொடர்கிறது. அவர்கள் கடையை மூடிவிட்டு நியாயம் பேசியவர்கள் இல்லை. வியாபாரத்துக்குள் இருந்துகொண்டே நடுவு நின்றவர்கள்.

உங்கள் புத்தகத்தில் ‘வாக்களிக்காதோர்’ என்று எழுதினால் போதும்.

ஒரு வழிப்போக்கர்:
அம்மா, எல்லாம் சரி, ஆனால் சொல் நகர்ந்துவிட்டதே. சுவிட்சர்லாந்தை நடுநிலை நாடு என்கிறோம். 1815இல் ஐரோப்பிய வல்லரசுகள் அதன் நடுநிலையை ஏற்றன. அது யார் சண்டையிலும் சேராமல் இருப்பதுதானே, தீர்ப்புச் சொல்வது இல்லையே? பள்ளிக்கூட வேதியியலிலும் அமிலமும் இல்லாத காரமும் இல்லாத கரைசலை நடுநிலைக் கரைசல் என்றுதான் படித்தோம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பொருளை இன்றைய பேச்சின் மேல் ஏற்றுவது நியாயமா?

வடமராட்சியாள்:
ஆசிரியை சொன்ன நொதுமல் எங்கள் ஊரில் சாகவில்லை. இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கு அது அன்றாடச் சொல். நீங்கள் நியூட்ரல் என்று சொல்லும் மின்கம்பியை நாங்கள் நொதுமல் கம்பி என்று படித்தோம். அதனால் வழிப்போக்கர் அண்ணா, ஒதுங்கி நிற்பதைச் சொல்ல வேறு சொல் இல்லாமல் போய்விடவில்லை.

எனக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சியும் இல்லை. 2021 மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நாடுகள் வாக்களிக்காமல் விலகின. அந்த 14இல் இந்தியாவும் ஒன்று. ‘நடுநிலை வகித்தன’ என்றுதான் தமிழில் செய்தி படித்தேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாய்மாருக்கு முன்னால் அந்தச் சொல்லை வாசிக்க எனக்கு வாய் வராது. விலகின என்று எழுதட்டும். அது நடந்ததைச் சொல்லும். நடுநிலை என்று எழுதும்போது செய்யாத ஒன்றுக்குப் பாராட்டும் சேர்ந்து போகிறது.

கரூர் தமிழாசிரியை:
வழிப்போக்கர் தம்பி, கரைசலுக்கும் கம்பிக்கும் எந்தச் சொல்லை வைத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை, அவற்றுக்கு மனசாட்சி கிடையாது. நாடுகள் விஷயம் வேறு. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகளில் நடுநிலை நாட்டுக்குக் கடமைகள் உண்டு. சண்டையிடும் நாடுகளின் படையைத் தன் மண் வழியாக விடக்கூடாது. 1914இல் ஜெர்மனி வழி கேட்டபோது பெல்ஜியம் மறுத்தது. அதற்காகப் படையெடுப்பையே தாங்கியது. சும்மா இருந்திருந்தால் அது நடுநிலை ஆகியிருக்காது.

வடமராட்சித் தங்கைக்குக் குறுந்தொகை 12ஆம் பாட்டைச் சொல்ல வேண்டும். ஓதலாந்தையார் பாடியது. தலைவன் போன வழியில் உலைக்கல் போலச் சுடுகிற பாறை. எயினர் என்ற பாலை நில வேடர்கள் அதன்மேல் ஏறி அம்பைத் தீட்டுகிறார்கள். தலைவிக்கு நெஞ்சு பதறுகிறது. ஊர் என்ன செய்கிறது? ‘அதுமற்று அவலங் கொள்ளாது நொதுமற் கழறும் இவ் வழுங்கல் ஊரே’. அந்தத் துயரத்தை உணராமல், அயலார்போல் நின்று அவளையே இடித்துப் பேசுகிறது. அப்படி நின்ற ஊரை நடுவு நின்றது என்று அவள் சொல்லவில்லை.