இரும்புக்கை மாயாவி முதலில் கொள்ளையனாகத்தான் அறிமுகமானாரா?

கேள்வி: அட்டன் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். துரையின் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கில வாரப் பத்திரிகைகளை அடுப்பில் போட மனமில்லாமல் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றின் மேல் என் மாமா பின்னாளில் வாங்கிய சிவகாசிச் சித்திரக்கதைகள் கிடந்தன. கடந்த வாரம் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, அட்டை பாதி கிழிந்த ‘வேலியண்ட்’ என்ற பிரித்தானியச் சித்திரக்கதை இதழொன்று கிடைத்தது. எஞ்சிய அட்டையில் 1962 நவம்பர் 3 என்ற திகதி தெளிவாக இருக்கிறது.

அதில் இருப்பவர் நம் சித்திரக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவிதான். ஆனால் நான் சிறுவயதில் படித்த, நிழற்படை என்ற உளவு அமைப்புக்காக உயிரைப் பணயம் வைக்கும் மாயாவி அல்லர். பொலிஸாருக்கு அஞ்சி ஓடும் குற்றவாளி. இது வேறொரு கதையா, அல்லது அவருடைய தொடக்கமே இப்படித்தானா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பண்டாரவளை ஆசிரியை

தம்பி, உங்கள் கையில் இருப்பது அதே மாயாவிதான். ‘வேலியண்ட்’ வார இதழ் 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. முதல் இதழிலேயே இந்தத் தொடரும் தொடங்கிவிட்டது. வாரங்களை எண்ணிப் பார்த்தால் உங்களுடையது ஐந்தாவது இதழ். எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளர் லூயிஸ் கிராண்டல், விபத்தொன்றில் உயர் மின்னழுத்தம் உடலில் பாய, அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி மறைந்துவிடுகிறார். அப்படிக் கிடைத்த ஆற்றலை அவர் முதலில் பயன்படுத்தியது குற்றங்களுக்குத்தான். உளவாளி வேடம் பிறகு வந்தது.

தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இவரையே வெளியிட்டது. ஆனால் இங்கு நம் கைக்கு எந்தப் புத்தகம் எப்போது கிடைத்ததோ அந்த வரிசையிலேயே படித்தோம். அதனால் நாயகனாக மாறிய பிந்திய மாயாவியே பலருக்கு முதலில் அறிமுகமானார்.

ஓவியத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வெறும் கை ஒன்று காற்றில் மிதந்து வரும் காட்சியில், உடல் எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கையின் சாய்வைக் கொண்டே நமக்கு உணர்த்திவிடுகிறார் பிளாஸ்கோ. கறுப்பு வெள்ளையில் இதைவிட நேர்த்தியான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதில் 2: பதுளை வாசகர்

ஆசிரியை கூறியதோடு ஸ்பைடர் என்ற இன்னொரு பிரித்தானியச் சித்திரக்கதை நாயகனையும் (ஸ்பைடர்மேன் அல்லர்) சேர்த்துக்கொள்ள வேண்டும். 1965 ஜூன் 26 திகதியிட்ட ‘லயன்’ இதழில் அவர் அறிமுகமானார். (இது பிரித்தானிய ‘லயன்’, 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் வேறு.) பேராசிரியர் பெல்ஹாமையும் ராய் ஆர்டினியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு குற்ற உலகின் மன்னனாகிவிட வேண்டும் என்பதே அவருடைய முதல் திட்டம். டெட் கோவன் தொடங்கிவைத்த அத்தொடரைப் பின்னர் எழுதியவர் ஜெர்ரி சீகல். அதாவது, ஓவியர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, அதன் உரிமையை 1938இல் இருவருமாக வெறும் 130 டொலருக்கு விற்றுவிட்ட அதே சீகல். உலகம் முழுவதும் அறிந்த நாயகனை உருவாக்கியவர், தனக்குச் சொந்தமில்லாத வேறொரு பாத்திரத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

தம்பியின் கேள்விக்கு இது நேராகவே பொருந்தும். சீகலும் ஷஸ்டரும் 1933இல் தாங்களே அச்சிட்ட சிறு இதழில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரை முதன்முதலில் பயன்படுத்தியபோது, அந்தப் பெயருக்குரியவன் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் பெற்ற வழுக்கைத் தலை வில்லன். ஐந்து ஆண்டுகள் கழித்து ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் அவன் நல்லவனானான். அப்போதும் அவனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவ மட்டுமே முடிந்தது.

பதில் 3: நுவரெலியா சேகரிப்பாளர்

அண்ணன் சொன்னவற்றில் ஒரு சிறு சேர்க்கை. அந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ அட்டையில் 1938 ஜூன் என்று இருந்தாலும், அது கடைக்கு வந்தது ஏப்ரலில். கடைக்காரர் இதழைப் பழையதென்று சீக்கிரம் ஒதுக்கிவிடாதிருக்க, அமெரிக்கப் பதிப்பகங்கள் மாதத்தை முன்தள்ளி அச்சிட்டன. அறிமுகத் திகதிகளை ஒப்பிடுவோர் இதைக் கவனிக்காமல் வீணாக வாதிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிமுகத்தில் குணம் மட்டுமல்ல, நிறமும் நிலையாக இருந்ததில்லை. 1962 மே மாத இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தவர். அச்சகத்தில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டு விழுந்ததால், இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். பேட்மேனின் எதிரி ஜோக்கரோ 1940இல் அறிமுகமான அதே இதழிலேயே இறந்திருக்க வேண்டியவர்; அவர் பிழைத்துவிட்டதாகக் காட்டும் ஒரு கட்டத்தை ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்னார்.

தம்பி, அந்த இதழை மீண்டும் தகரப் பெட்டியில் வைக்க வேண்டாம். நம் மலைப்பனியின் ஈரம் தகரத்துக்குள் தங்கினால் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒட்டும் நாடாவால் கிழிசலை ஒட்டவும் வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் காகிதத்தை மஞ்சளாக்கும்.

அட்டன் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்தாவது இதழ் என்று அறிந்ததும் பெட்டியை மீண்டும் கிளறினேன். அட்டையே இல்லாத இன்னும் இரண்டு இதழ்கள் அடியில் இருக்கின்றன. ஒன்றில் கிராண்டல் இன்னும் ஆய்வுகூடத்திலேயே, உடல் மறையாமல் நிற்கிறார்.