ரிட்டர்ன் ஆஃப் தி கிங்: மோதிரம் அழிஞ்சப்புறமும் படம் ஏன் முடியவே மாட்டேங்குது?

கார்முகில்:
வணக்கம் மக்களே. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணாவது பாகம் நேத்து ராத்திரிதான் முதல் தடவையா பார்த்து முடிச்சேன். படம் ரொம்பப் பிடிச்சிருக்கு, அந்த மலை உச்சிகள்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு தீ மூட்டிக்கிட்டே போற சீன்ல அப்படியே புல்லரிச்சுப் போச்சு. ஆனா ரெண்டு விஷயம் மண்டையைக் குடையுது.

மோதிரம் எரிமலைக்குள்ள போயாச்சு, அதை உண்டாக்கின பெரிய வில்லன் சௌரோனோட கோபுரமும் சரிஞ்சாச்சு, அதோட கதை முடிஞ்சுதுதானே? அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஓடுது. ஸ்க்ரீன் இருட்டாகும்போதெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சா மறுபடி ஒரு சீன் வருது. கடைசியில, மோதிரத்தைச் சுமந்துக்கிட்டுப் போன ஃப்ரோடோ கப்பல் ஏறிப் போறது சுத்தமா புரியல, ஜெயிச்சு ஊர் வந்து சேர்ந்தவன் எதுக்குக் கிளம்பணும்?

அப்புறம் அந்த மந்திரவாதி சாருமான் எங்க? ரெண்டு பாகமா அவ்ளோ பெரிய வில்லனா காட்டிட்டு இதுல ஆளையே காணோம். நான் பார்த்தது 3 மணி 21 நிமிஷம் ஓடுற வெர்ஷன். கூடுதல் சீன்களோட நீளமா வந்த எக்ஸ்டெண்டட் வெர்ஷன்ல அவன் வர்றானா? ஸ்பாய்லர் எல்லாம் தாராளமா சொல்லலாம்.

ஒற்றைக்கோபுரம்:
சாருமானுக்கு நான் பதில் சொல்றேன் ப்ரோ. நீங்க பார்த்தது 2003 டிசம்பர்ல தியேட்டர்ல வந்த கட். சாருமானா கிறிஸ்டோபர் லீ நடிச்ச ஒரு சீனை எடுத்தே வச்சிருந்தாங்க, முதல்ல ரெண்டாவது பாகத்தோட கடைசியில வைக்கறதா இருந்து அங்க இடம் இல்லாம மூணாவதுக்குத் தள்ளி, இங்கயும் கதை சீக்கிரம் சூடு பிடிக்கணும்னு டைரக்டர் பீட்டர் ஜாக்சன் தூக்கிட்டார். லீக்கு அதுல ரொம்ப வருத்தம், நியாயமான வருத்தம்தான். எக்ஸ்டெண்டட்ல அந்த சீன் இருக்கு. கோபுர உச்சியில நின்னு பேசிக்கிட்டிருக்கும்போது கூடவே இருக்கற அவனோட ஆள் கிரீமா முதுகுல குத்திடுவான், சாருமான் கீழ விழுந்து சாவான். தண்ணிக்குள்ளேர்ந்து ஃப்ரோடோவோட நண்பன் பிப்பின் எடுக்கற அந்த மந்திர உருண்டை அங்க எப்படி வந்துச்சுன்னும் அப்பதான் தெளிவா தெரியும். ஆரகோர்னோட முடிசூட்டு விழாவுல ரோஹன் நாட்டு ஏயோவினும் கோண்டோர் நாட்டு ஃபாராமிரும் சேர்ந்து நிக்கறாங்களே, அது எப்படி ஆச்சுங்கறதுக்கும் அதுல ஒரு சின்ன சீன் இருக்கு. மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடும், ஆனா பார்க்க வேண்டிய கட்.

மல்லிகைப்பந்தல்:
தம்பி, அந்த எரிமலை சீனை மட்டும் திரும்ப ஒரு தடவை பாருங்க. ஃப்ரோடோ மோதிரத்தைத் தூக்கிப் போடவே இல்ல. மூணு படமா சுமந்துக்கிட்டு வந்து, விளிம்புல நின்னு, இது என்னோடதுன்னு சொல்லி விரல்ல மாட்டிக்கறான். அங்க அவன் தோத்துட்டான். மோதிரத்துக்கு அடிமையாகிப் போன கோல்லம் விரலைக் கடிச்சு எடுத்து அதுக்கப்புறம் நடக்கற தள்ளுமுள்ளுலதான் மோதிரம் உள்ள போகுது. முதல் பாகத்துல மோரியா சுரங்கத்துல உக்காந்துக்கிட்டு, கோல்லத்தைக் கொல்லலையேன்னு ஃப்ரோடோ ஆதங்கப்படும்போது, அவனுக்கும் இதுல ஏதோ ஒரு பங்கு இருக்குன்னு மந்திரவாதி கேண்டால்ஃப் சொல்வாரே, அது இங்க வந்து பலிக்குது. முதல்ல ஃப்ரோடோ வேணும்னே கோல்லத்தைத் தள்ளிவிடற மாதிரிதான் எடுத்திருந்தாங்க, அப்புறம் அது கொலை மாதிரி ஆயிடும்னு இப்ப இருக்கற மாதிரி மறுபடி எடுத்தாங்க. நல்ல வேளை மாத்தினாங்க.

அதனால ஜெயிச்சுட்டு வந்தவன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, அவனுக்கு உள்ளுக்குள்ள அப்படி இல்ல. ஊருக்குத் திரும்பினதும் ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் நாலு பேரும் கிரீன் டிராகன் கடையில உக்காந்திருப்பாங்க. ஒரு பெரியவர் பெரிய பூசணிக்காயைத் தூக்கிட்டு வருவார், கடையே அதைத்தான் பார்க்கும், இவங்க நாலு பேரையும் ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. உலகத்தையே காப்பாத்திட்டு வந்தவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு பேசாம பியர் குவளையை இடிச்சுப்பாங்க. ஒரு வசனம் கிடையாது. எனக்கு இந்த மூணு படத்துலயும் ரொம்பப் பிடிச்ச சீன் அதுதான், போர்க்களம் எல்லாம் அதுக்கப்புறம்தான். சாம் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு எழுந்து தனக்குப் பிடிச்ச ரோஸிகிட்ட போறான், அவனுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைக்குது, ஃப்ரோடோவுக்குக் கிடைக்கல. முதல் பாகத்துல வெதர்டாப் மலையில வாங்கின குத்து நாலு வருஷம் ஆகியும் ஆறலைன்னு அவனே சொல்றான். இந்தக் கதையை எழுதின டோல்கின் முதல் உலகப் போர்ல, 1916-ல நடந்த சோம் போர்ல இருந்தவர், 1918-க்குள்ள நெருங்கின நண்பர்கள்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் செத்துட்டாங்கன்னு புத்தக முன்னுரையிலயே எழுதியிருக்கார். போருக்குப் போயிட்டு வந்தவனுக்கு வீடு பழைய வீடா இருக்காதுங்கறது அவருக்குத் தெரியும். அந்த இருபது நிமிஷத்தை வெட்டினா கதையோட உயிரே போயிடும்.

குதிரைக்காரன்:
அக்கா சொல்ற முடிவு எனக்கும் வேணும், ஆனா சொன்ன விதத்துல தப்பு இருக்கு. பாறை மேல ஃப்ரோடோவும் சாமும் கிடக்கும்போது முழுசா இருட்டாக்கி, அப்புறம் கழுகு, அப்புறம் வெள்ளையா மாறி படுக்கையில முழிக்கறதுன்னு ஒவ்வொண்ணும் கடைசி சீன் மாதிரியே வருது, கார்முகில் குழம்பினதுல ஆச்சரியமே இல்ல. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஆரகோர்ன் கூட்டிட்டு வர்ற அந்தப் பச்சைப் பேய்ப்படை. ரோஹன் குதிரைப்படை விடியக்காலையில மேட்டு மேல வந்து நின்னு, அவங்க ராஜா தேயோடன் ஈட்டிகளைக் கத்தியால தட்டிக்கிட்டே ஓட்டிட்டுப் போய், எல்லாரும் சாவுன்னு கத்திக்கிட்டே பாயறாங்க, இந்தப் படத்துல அதுக்கு மேல ஒரு சீன் இல்லன்னு நான் நினைக்கறேன். அவ்ளோ பேர் உயிரைக் குடுத்து நிறுத்தின சண்டையைப் பேய்ங்க வந்து ரெண்டு நிமிஷத்துல துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுது. புத்தகத்துல பேய்ங்க கப்பலைப் பிடிக்கறதோட சரி, கோண்டோர் தலைநகர் மினாஸ் திரித்துக்கு ஆரகோர்ன் கூட்டிட்டு வர்றது உயிரோட இருக்கற தெற்கு கோண்டோர் ஆளுங்களை. அப்படியே விட்டிருக்கணும். 11 ஆஸ்கருக்குப் போட்டியிட்டு 11-ம் வாங்கின படம்தான், அதுக்காக இதைச் சொல்லாம இருக்க முடியாது.

கார்முகில்:
மல்லிகைப்பந்தல் அக்கா, ரொம்ப நன்றி, அந்தப் பூசணிக்காய் சீனை நான் சும்மா கடந்து போயிட்டேன். எக்ஸ்டெண்டட் பார்க்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, மூணாவது மட்டும் பார்த்தா போதுமா இல்ல முதல்லேர்ந்தேவா?

ஒற்றைக்கோபுரம்:
முதல்லேர்ந்தே பாருங்க ப்ரோ. எல்ஃப் தலைவி கலாட்ரியல் ஒவ்வொருத்தருக்கும் பரிசு குடுக்கற சீன் முழுசா இருக்கறது முதல் பாகத்தோட எக்ஸ்டெண்டட்லதான். மூணையும் ஒரே நாள்ல உக்காந்து பார்க்க வேண்டாம், மூணாவதுக்குத் தனியா ஒரு நாள் வச்சுக்கோங்க. பிப்பின் பாடற சீன் வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க, கோண்டோரை ஆள்ற டெனத்தோர் தக்காளியைக் கடிச்சு தாடையில சாறு வழிய சாப்பிட்டுக்கிட்டிருப்பான், அந்தப் பக்கம் அவன் பையன் ஃபாராமிர் சாகப் போயிட்டிருப்பான், அந்தப் பாட்டோட மெட்டு பிப்பினா நடிச்ச பில்லி பாய்டே போட்டது.