மக்கடாமியாவுக்குக் ‘கற்கொட்டை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கெட்டி ஓட்டுக்குள் தின்னும் பருப்புள்ள மக்கடாமியாவுக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா முன்வைத்த ‘மலைமுந்திரி’ காதுக்கு இனிமைதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. முந்திரி மாமரத்தின் குடும்பம். மக்கடாமியாவோ, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு மிளகுக்கொடி ஏற்றிவிடுகிறோமே, அந்த சில்வர் ஓக்கின் குடும்பம். மக்கடாமியா, சில்வர் ஓக் இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. ஏற்கெனவே திராட்சைக்கும் கொடிமுந்திரி என்று பெயர் உண்டு. முந்திரியின் தலையில் இன்னொன்றையும் ஏற்ற வேண்டாம்.

நாகலூர்ப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் ஒரே ஒரு மக்கடாமியா மரம் நிற்கிறது. பூத்தால் வெளிர்நிறச் சரங்களாகத் தொங்கும். ஒரு சரத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் காயாக நிற்பது சிலதான். போன தடவை விழுந்து கிடந்த கொட்டையைத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வழுக்கிக்கொண்டு காப்பிச் செடிக்குள் பறந்துவிட்டது. களத்தில் காப்பி துழாவிக்கொண்டிருந்த அக்கா, “இது கொட்டையா, கல்லாங்க? நல்லாக் காயட்டும், அப்புறம் ஒடைங்க” என்றார். அப்படியே செய்தேன். சில வாரம் காய்ந்தபின் காதருகே ஆட்டினால் பருப்பு உள்ளே கடகடவென்று உருண்டது. ஈரம் போகப் போகப் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகிவிடுகிறது. அம்மிக்கல்லின் குழிவில் வைத்து ஒரே தட்டு, முழுப் பருப்பாக வந்தது. வெண்ணெய் போலக் கரைந்தது; எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பாயிற்றே.

அந்த அக்கா வாயிலிருந்து வந்ததுதான் என் பரிந்துரை: கற்கொட்டை. பேச்சில் கல்லுக்கொட்டை என்று ஆனாலும் குறையில்லை, கற்கண்டு கல்கண்டு ஆனதுபோல.

தாவரவியல்படி இது ‘நட்’ இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். பச்சைத் தோல் ஒருபக்கமாக வெடிக்கும் ஒருபுற வெடிகனி இது, நாம் தின்பது விதை. அந்தச் சிக்கல் ஆங்கிலத்துக்குத்தான். புளியங்கொட்டை, மாங்கொட்டை, பலாக்கொட்டை என்று விதையைத்தானே நாம் கொட்டை என்கிறோம்? இங்கே தமிழ்ச்சொல்தான் துல்லியம்.

ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு: மக்கடாமியா என்பது 1857இல் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர், ஜான் மக்காடம் என்பவரைப் பெருமைப்படுத்த இட்ட பேரினப் பெயர் (genus). பேரினத்துக்கு அதுவே இருக்கட்டும், கடைக்கும் சமையலுக்கும் கற்கொட்டை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் ‘கிண்டல் கிண்டல்’ என்ற பெயரும் உண்டு. தமிழில் பொருளே மாறிவிடும் என்பதால் எடுக்க முடியவில்லை, வருத்தம்தான்.

இந்தப் பேரினத்துக்குள் வரும் தனித்தனி இனங்களின் பெயர்களில்தான் உங்கள் உதவி தேவை. டெட்ராஃபில்லாவை நாலிலைக் கற்கொட்டை எனலாம். இன்டெக்ரிஃபோலியாவுக்கு இலை பெரும்பாலும் மூன்று மூன்றாக வரும் என்றாலும் ‘மூவிலை’ என்று வைத்துவிடக் கூடாது. அது டெர்னிஃபோலியாவின் நேர்ப்பொருள். அதன் விதை கசப்பு, சயனைடு தரும் பொருள் கொண்டது, தின்னக் கூடாது. இன்டெக்ரிஃபோலியா என்ற பெயரின் பொருளான, இலைவிளிம்பு வெட்டில்லாமல் இருப்பதைச் சொல்லும் சிறிய சொல் யாரிடமாவது இருக்கிறதா?