குடில் கட்டக் கேட்கிறார்கள், பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

கடற்கரை வீட்டுக்காரி, திருகோணமலை

டச்சுக் குடாப் பக்கம் எங்கள் வீட்டின் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். இந்த மாதம் 22ஆம் திகதி மெல்பேர்னில் இருந்து ஒரு யூதக் குடும்பம் வருகிறது. ஒக்டோபர் 5 வரை நிற்பார்கள். நாலு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

தாய் நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 25ஆம் திகதி வெள்ளி பொழுதுபட அவர்களுடைய சுக்கோத் பண்டிகை தொடங்குகிறதாம், முற்றத்தில் ஒரு சின்னக் குடில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அதன் பெயர் சுக்கா. என் கணவர் இறைச்சிக் கறி என்று நினைத்துவிட்டார், அது வேறு கதை. நாங்கள் சம்மதம் சொல்லிவிட்டோம். என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று பேரும் சேர்ந்து அந்தக் குடிலுக்கு ஏதாவது செய்து தொங்கவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வந்தவர்களின் நம்பிக்கையில் கைவைத்துவிடவும் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் கட்டை மச்சான்

நாலு தடி, மேலே ஒரு தார்ப்பாய், நத்தாருக்கு விற்கிற மினுக்குத் தாள் இரண்டு சுருள். அரை மணித்தியால வேலை. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

நேசறி அக்கா

தம்பி, தார்ப்பாய் போட்டால் அது குடிலே இல்லை. சுவர் எதுவாகவும் இருக்கலாம். காற்றில் ஆடாமல் இறுக்கிச் சேலை கட்டலாம், பலகை அடிக்கலாம், உங்கள் தார்ப்பாயையும் அங்கே கட்டலாம். கூரை மட்டும் நிலத்தில் முளைத்து வெட்டியெடுத்ததாக இருக்க வேண்டும்.

பிள்ளை, நான் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் ஒரு யூத நேசறியில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்தேன். ஊரோடு வந்து இப்போது ஆறு வருடம். அங்கே கூரைக்கு ஓலை தேடி அவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் நம்மூர் வளவுகள்தான் ஞாபகத்துக்கு வரும். மூங்கில் பாயைக் காசு கொடுத்து வாங்குவார்கள். உனக்கு மரத்தடியில் சும்மா கிடக்கிறது.

ஆனால் கிடுகை நாம் வீடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்காதே. வெயிலைவிட நிழல் கூட இருக்க வேண்டும், ஆனாலும் இரவில் இடுக்கால் நட்சத்திரம் தெரிய வேண்டும். பெருமழை என்றால் உள்ளே இறங்கவும் வேண்டும். பின்னிய கிடுகு அவர்களுக்குச் சரிவருமா என்று தகப்பனிடம் ஒரு சொல் கேள், பாய் விஷயத்தில் சில வீடுகளில் கண்டிப்பு உண்டு. பின்னாத பச்சை ஓலையைக் கிடத்தினால் கேள்வியே இல்லை. குடிலை மாமரத்துக்குக் கீழேயோ விறாந்தைத் தகரத்துக்குக் கீழேயோ போடக்கூடாது, தலைக்கு மேல் ஆகாயம் வேண்டும். முதலில் சுவர், பிறகுதான் கூரை. அவர்களுடைய மாதத்தில் 15ஆம் நாள் தொடங்குகிற பண்டிகை, ஆகவே எப்போதும் பூரணையை ஒட்டித்தான் வரும். இந்த முறை நம்முடைய போயாவும் 26ஆம் திகதிதான், ஓலைக்குள்ளால் நிலவு விழும். மழை வந்தால் பயப்படாதே. கூழ் பழுதாகிற அளவுக்குப் பெய்தால் எழும்பி உள்ளே போகலாம் என்று மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது.

இனிப் பிள்ளைகளின் வேலை. முதலில் கடதாசிச் சங்கிலி. பழைய கொப்பி மட்டை, கலண்டர் தாள் எதுவும் போதும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். நாலு வயதுப் பிள்ளை வளையத்தை மடித்துப் பிடிக்கும், ஆறு வயது நிறத்தைத் தேர்ந்து கொடுக்கும். பசை மட்டும் வேண்டாம், கடற்காற்றில் விடியுமுன் விட்டுவிடும். நீயே ஸ்டேப்ளர் அடி.

அடுத்தது ஏழு விளைபொருள்கள்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ், பேரீச்சை. வேதத்தில் அவர்களுடைய மண்ணுக்குச் சொன்னவை. இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், ரொட்டி மாப் பதத்துக்குக் குழைத்துப் பழமாகப் பிடிக்கச் சொல். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கால் துளை போட்டுவிடு. மெல்லியதாகப் பிடித்தால் இப்போதைய வெயிலுக்கு இரண்டு நாளில் காயும். மழைக்காலம் வரை வைத்திருக்க நினைக்காதே, உப்பு ஈரத்தை இழுத்துச் சளசளத்துவிடும்.

பழத்துக்கு அச்சு வெட்டிக் கொடுக்காதே என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எங்கள் நேசறியில் பெரியவர்களே வெட்டிவைப்போம், பிள்ளைகள் நிறம் மட்டும் தீட்டுவார்கள். இருபத்திநாலு மாதுளையும் ஒரே தாய் பெற்ற மாதிரித் தொங்கும். ஒரு வருடம் ஒரு பொடியன் தன்பாட்டில் நீல நிறத்தில் ஒரு மாதுளை செய்தான், உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. பெற்றோர் பார்க்க வருகிறார்கள் என்று பொறுப்பாக இருந்தவர் அதைக் குப்பைக்குள் போட்டார். அவன் கண்ணுக்கு முன்னாலேயே. நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது.

குருத்தோலைத் தோரணம் உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வெள்ளி காலை கட்டு, மூன்றாம் நாள் காய்ந்துவிடும்.

ஒன்றை மறந்துவிடாதே. வெள்ளி பொழுதுபடுமுன் கத்தரிக்கோல், கம், பென்சில் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வுநாளும் பண்டிகையின் முதல் நாளும் ஒன்றாக வருகின்றன, இஸ்ரேலுக்கு வெளியே இரண்டாம் நாளும் பண்டிகைதான். ஞாயிறு இருட்டும்வரை எழுதவோ வெட்டவோ ஒட்டவோ மாட்டார்கள். உண்மையான பழம் தொங்கவிட்டால் அதைப் பண்டிகை முடியும்வரை பறித்துச் சாப்பிடுவதும் இல்லை. உன் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை.

கிண்ணியா டீச்சர்

அந்தக் குடிலுக்கு ஒவ்வோர் இரவும் ஒரு பெரியவரை விருந்தாளியாக அழைப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். பெயர்களைப் பார்த்தால் இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப், யூசுப், மூஸா, ஹாரூன், தாவூத். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாரையும் தெரியும். ஏழு கதிரை வரைந்து சுவர்ச் சேலையில் குத்தலாமே. ஆட்களை வரையத் தேவையில்லை.

அக்காவிடம் ஒரு கேள்வி. ஹனுக்கா என்ற அவர்களுடைய இன்னொரு பண்டிகையில் ஏற்றுகிற விளக்கை முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்து காட்டலாம்?

நேசறி அக்கா

கதிரை யோசனை மிக நல்லது டீச்சர்.

விளக்குக்குக் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்குகிற சிட்டி ஒன்பது எடுங்கள். எட்டை ஒரே மட்டத்தில் நேர்வரிசையாக ஒரு பலகையில் வையுங்கள். ஒன்பதாவது மற்றவற்றைக் கொளுத்துகிற வேலைக்காரன், அதைக் கவிழ்த்த சிரட்டையின் மேல் உயர்த்தி வையுங்கள். முதல் இரவு ஒன்று, அடுத்த இரவு இரண்டு என்று எட்டு இரவு. வலது பக்கமிருந்து அடுக்கிக்கொண்டு வந்து, கொளுத்தும்போது புதிதாக வைத்ததில் தொடங்க வேண்டும். ஒலிவ் எண்ணெய் விசேஷம், தேங்காய் எண்ணெயும் ஆகும்.

ஹனுக்காவுக்குப் பிள்ளைகள் சுற்றி விளையாடுகிற பம்பரம் இன்னும் சுகம். உள்ளங்கையில் பாதியளவு சதுர மட்டை, நடுவில் கூர்ப்பென்சில் துண்டு. நாலு பக்கமும் நூன், கீமெல், ஹே, ஷீன் என்ற நாலு ஹீப்ரு எழுத்துகள். நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கீமெலுக்கு நடுவில் சேர்த்துவைத்தது முழுவதும், ஹேக்கு அதில் பாதி, ஷீனுக்கு நாம் ஒன்று வைக்க வேண்டும். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை.

கடற்கரை வீட்டுக்காரி, திருகோணமலை

எல்லாருக்கும் நன்றி. குடில் நிற்கிறது. மூன்று பக்கம் என் பழைய சேலைகள், மேலே பின்னாத பச்சை ஓலை. தகப்பன் கீழே படுத்துக் கிடந்து இடுக்குப் பார்த்துச் சரி சொன்னார். ஏழு கதிரை வரையப் போய்ப் பதினொன்று ஆகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. மாதுளைகளில் ஒன்றுக்குக் கால் இருக்கிறது.

ஒரு தவறு நடந்தது. ஸ்டேப்ளர் பிள்ளைகளின் கையைக் குத்தும் என்று மாமி விடவில்லை, கோதுமை மாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். பசை நன்றாகவே பிடித்தது. ஆனால் சனி விடியக் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று சேலைக்குள் தலையை விட்டுச் சங்கிலியைத் தின்றுகொண்டு நின்றது. குருத்தோலைத் தோரணமும் போயிற்று. ஞாயிறு இரவு வரை புதிதாக ஒட்டவும் முடியாது. நான் அழுகை வரும் என்று பயந்தேன். மூன்று பேரும் மான் எத்தனை வளையம் தின்றது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபத்திமூன்றாம்.

நேசறி அக்கா

உன் மாமி சொன்னதுதான் சரி. நான் சொன்ன மாதிரிச் செய்திருந்தால் அந்த வாயில்லாச் சீவனின் வயிற்றுக்குள் இருபத்திமூன்று கம்பி போயிருக்கும். லண்டனில் மானைப் பற்றி யோசிக்க வேண்டி வரவில்லை. அடுத்த சங்கிலியைக் கொஞ்சம் உயரத்தில் கட்டு.