பதிப்புரிமைச் சட்டம்: கொள்கைக் கேள்விக்கு எப்படிப் படிப்பது?

கேள்வி:
பதிப்புரிமைத் தாளில் வழக்குச் சூழலைக் கொடுத்துத் தீர்வு கேட்டால் சமாளிக்க முடிகிறது. "பாதுகாப்புக் காலத்தை நீட்டியது சரியா?" என்பது போன்ற கட்டுரை வந்தால்தான் விடை வழவழவென்று போகிறது. படைப்பாளிக்கு ஊக்கம் வேண்டும், மக்களுக்கும் பயன் வேண்டும், சமநிலை தேவை. இதைத் தாண்டி என்ன எழுதுவது? கோட்பாடுகளைத் தனியாகவும் தீர்ப்புகளைத் தனியாகவும் படிப்பது சரியா?

பதில் 1:
தனித்தனியாகப் படிப்பதில்தான் கோளாறே. கொள்கை ஒவ்வொரு சட்டப்பிரிவுக்குள்ளும் இருக்கிறது. பதிப்புரிமை கிடைக்க ஒரு படைப்புக்கு இருக்க வேண்டிய அசல்தன்மையைப் பாருங்கள். 1991இல் ஃபீஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொலைபேசிச் சந்தாதாரர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. எவ்வளவு உழைத்திருந்தாலும், துளியளவாவது படைப்புத்திறன் வேண்டும். 2004இல் சிசிஎச் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் படைப்புத்திறனைக் கேட்கவில்லை. திறனையும் தேர்ந்து முடிவெடுப்பதையும் கேட்டது. வெறும் உழைப்பு அங்கேயும் போதவில்லை. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அந்த வழிக்கே வந்தது.

உழைத்தவருக்கெல்லாம் உரிமை கொடுத்தால் தகவலே பூட்டுக்குள் போய்விடும். கொடுக்காவிட்டால் தொகுப்பவர் பணம் போடத் தயங்குவார். எந்த நீதிமன்றம் எந்த இழப்பைத் தாங்கத் துணிந்தது என்று எழுதுங்கள், அதுதான் கொள்கை விடை. ஒவ்வொரு தீர்ப்புக்கும் அரைப் பக்கம் போதும்: உரிமை கேட்டவர் எதைப் பூட்ட நினைத்தார், எதிர்த்தரப்புக்கு அது எதற்குத் தேவைப்பட்டது, நீதிமன்றம் எதற்கு அஞ்சியது, எதைச் சொல்லாமல் விட்டது.

பதில் 2:
காலநீட்டிப்புக் கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்கா 1998இல் படைப்பாளியின் ஆயுள் + இறந்தபின் 50 ஆண்டு என்பதை ஆயுள் + 70 ஆக்கியது. எழுதி 80 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய்க்கு, 5 விழுக்காடு வட்டியில், இன்றைய மதிப்பு சுமார் 2 ரூபாய். அந்த 2 ரூபாயை நம்பி யாரும் எழுத உட்காரமாட்டார்கள். எழுதி முடித்த படைப்புகளுக்கும் நீட்டித்தபோது ஊக்கம் என்ற வாதத்துக்கே இடமில்லாமல் போகிறது. ஆனாலும் எல்ட்ரெட் வழக்கில் (2003) அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஐரோப்பா 1993லேயே ஆயுள் + 70க்குப் போய்விட்டது, தம் நாட்டுப் படைப்பாளிகள் அங்கே பின்தங்கக்கூடாது என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்கத்தக்கதாகக் கண்டது. இந்த எதிர்வாதத்தை எழுதாமல் விட்டால் கட்டுரை ஒருபக்கச் சாய்வாகிவிடும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 1710ஆம் ஆண்டு ஆன் சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டும், ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டும் கொடுத்தது. "அதற்கே திரும்பலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடு பொதுவாக ஆயுள் + 50க்குக் கீழே இறங்க முடியாது. பிற உறுப்புநாட்டுப் படைப்புகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கவும் முடியாது. சீர்திருத்தம் சொல்பவர் இந்தச் சுவரை எப்படித் தாண்டுவது என்றும் சொல்ல வேண்டும்.

பதில் 3:
சொற்களிலும் கவனம் வேண்டும். 'காப்புரிமை' என்பது கண்டுபிடிப்புக்கு உரியது. விடைத்தாளில் அதையும் பதிப்புரிமையையும் கலந்தால் முதல் பத்தியிலேயே நம்பிக்கை போய்விடும். அனுமதி இல்லாமல் படைப்பைப் பயன்படுத்த விடும் விதிவிலக்குகளான 'ஃபேர் யூஸ்', 'ஃபேர் டீலிங்' இரண்டும் ஒன்றல்ல. முன்னது நான்கு காரணிகளை எடைபோடும் திறந்த சோதனை. பின்னதில் சட்டம் பட்டியலிட்ட நோக்கத்துக்குள் முதலில் நுழைய வேண்டும், அதன்பிறகே நியாயமா என்ற கேள்வி. நீதிபதிக்கு எவ்வளவு விருப்புரிமை விடுவது என்பதே இரண்டுக்கும் நடுவே உள்ள கொள்கைப் பிளவு. மீறல் நடந்ததா என்று நிறுவாமல் நேராக விதிவிலக்குக்குத் தாவுவதும் அடிக்கடி மதிப்பெண் போகும் இடம்.

கேட்டவர்:
நன்றி. தார்மீக உரிமையை ஊக்குவிப்புக் கோட்பாட்டில் எங்கே பொருத்துவது?

பதில் 1:
பொருந்தாது, வலிந்து பொருத்தவும் வேண்டாம். பெயர் குறிக்கப்படும் உரிமை, படைப்பு சிதைக்கப்படாதிருக்கும் உரிமை இரண்டும் 1928இல் பெர்ன் உடன்படிக்கையில் 6பிஸ் பிரிவாகச் சேர்ந்தன. படைப்பை ஆளுமையின் நீட்சியாகப் பார்க்கும் ஐரோப்பியக் கண்ட மரபு அதன் வேர். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸ், பெர்னின் பெரும்பகுதியை உள்ளிழுத்துக்கொண்டு, 6பிஸ் தரும் உரிமைகளை மட்டும் 9(1)ஆம் பிரிவில் வெளியே நிறுத்தியது. அது வணிக ஒப்பந்தம். எதை விட்டது, ஏன் விட்டது என்பதிலிருந்தே உங்கள் கட்டுரையைத் தொடங்கலாம்.