செம்பனைப் பழத்தில் வீட்டிலேயே எண்ணெய் எடுத்தவர்கள் உண்டா? என் அனுபவம் இது

தெலுக் இந்தான் மகன்

எங்களுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற மரம். குலையெல்லாம் வியாபாரியிடம் போய்விடும். ஆலையில் வெளுத்து வருகிற எண்ணெயில் சிவப்பே இருக்காது, அந்தச் சிவப்பில்தான் கரோட்டின் சத்து என்று படித்ததிலிருந்து அம்மாவுக்கு ஒருமுறை எடுத்துத் தர ஆசை. சனிக்கிழமை உதிரிப் பழம் ஒரு சாக்கு பொறுக்கினேன். மழை பிடித்துக்கொண்டது, சாக்கைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். திங்கள் இரவுதான் வேகவைத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன்.

எண்ணெய் மேலே வந்தது, குங்குமம் கரைத்த மாதிரி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "தொண்டையைப் பிடிக்குதுப்பா, விளக்குக்கு வெச்சுக்கலாம்" என்றார். என் மனம் நோகக்கூடாது என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

ஆலையில் 22 வருடம்

தம்பி, தப்பு அந்தச் சாக்கில்தான். செம்பனைப் பழம் அடிபட்ட நிமிடமே அதன் சதையிலுள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கத் தொடங்கிவிடும். ஆலையில் வந்த குலையை முதலில் ஸ்டெரிலைசரில் ஏற்றி நீராவியில் வேகவைப்பது காயைக் காம்பிலிருந்து கழற்ற மட்டுமில்லை, அந்த நொதியைக் கொல்லவும்தான்.

ஒரு வருடம் பாய்லர் பழுதாகி மூன்று நாள் ஆலை நின்றது. லாரிகள் வாசலில் வரிசை. குலை கொட்டும் மேடையில் மலை மாதிரி குலை, கைவைத்தால் உள்ளே சூடு. நாலாம் நாள் ஆய்வகத்துப் பையன் சீட்டோடு ஓடிவந்தான். 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டிய அமிலம் 8-ஐத் தாண்டியிருந்தது. வெயிலில் வெட்டினவன் உழைப்பு, சுமந்தவன் உழைப்பு, எல்லாம் அந்தச் சீட்டில் போயிற்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிள்ளான் கவிதா

மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் பழம் பழையது என்பதோடு நிறுத்திவிட்டார். தண்ணீர் போகாவிட்டாலும் எண்ணெய் கெடும். என் கதை சின்னதுதான்: முதல்முறை எடுத்த எண்ணெய் அடியில் மெழுகு மாதிரி உறைந்ததும் கெட்டுவிட்டது என்று நினைத்து முழுப் புட்டியையும் ஊற்றிவிட்டேன். அது கெட்டதே இல்லை. உறையும் கொழுப்பு கீழே, இளகினது மேலே, அதன் இயல்பே அதுதான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொறுக்கின அன்றே கழுவி ஆவியில் வையுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். சூடு ஆறுவதற்குள் இடியுங்கள், ஆறினால் எண்ணெய் நாரிலேயே தங்கிவிடும். கொட்டை உடையக்கூடாது, அதன் பருப்பிலிருக்கும் எண்ணெய் வேறு ஜாதி, கிட்டத்தட்ட தேங்காய் எண்ணெய் மாதிரி. மேலே வந்ததை அள்ளி வேறு சட்டியில் சிறுதீயில் வையுங்கள், சடசட சத்தம் நிற்கும்வரை. சத்தம் இருந்தால் தண்ணீர் இருக்கிறது, முகத்தில் தெறிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். தீயைக் கூட்டிப் புகையவிட்டால் கரோட்டின் போய்விடும். ஒரு கிலோ எண்ணெயில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கிற சத்து அது, அதற்காகத்தானே இத்தனை பாடு! துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

லேகோஸில் கணக்கு வேலை

தொண்டையைப் பிடித்தால் விளக்குக்குத்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நைஜீரியாவில் சில ஊர்களில் பழத்தை நொதிக்கவிட்டு மிதித்தே எடுக்கிறார்கள். அதை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. செம்பனை அவர்கள் மண்ணின் மரம், நமக்கு வந்தது பின்னால்தான்.

வேலை விஷயமாகத் தென்கிழக்கே போனபோது ஒரு வயதான அம்மா வீட்டு முற்றத்தில் இடித்துக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கண்டு, ஒரு பிடி நாரை எடுத்து என் கையில் வைத்து, தன் கையால் என் கையை மூடி இறுக்கினார். சூடான எண்ணெய் மணிக்கட்டில் இறங்கி முழங்கைவரை ஓடியது. சட்டையில் பட்ட கறை போகவே இல்லை. அவர் பேரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெலுக் இந்தான் மகன்

எல்லாருக்கும் நன்றி. அம்மா அந்தப் புட்டியை எறியவில்லை, குசினி மாடத்திலேயே இருக்கிறது. கவிதா அக்கா சொன்ன மாதிரி அடியில் உறைந்துதான் இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அடுத்த வெட்டு வெள்ளிக்கிழமை. மழை வந்தாலும் அன்றைக்கே அடுப்பு மூட்டிவிடுவேன். ஒரு சந்தேகம்: ஆவிக்கு இட்லிக் குண்டான் போதுமா, இல்லை பெரிய டிரம் தேடவேண்டுமா?