மறு: மறு: ‘அறையிசை’ என்று எழுதலாமா? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே,
ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இசையமைப்பாளர் பாக் பெயரில் நடக்கும் இசைவிழா பற்றிய கட்டுரை ஒன்றைப் பத்திரிகைக்காக மொழிபெயர்க்கிறேன். ஜூன் மாதத்து விழா, தோமா தேவாலயத்தில் பாக்கின் பி மைனர் மாஸ் (திருப்பலிக்கான இசை) பாடி முடிப்பது வழக்கம். கோரல், அதாவது குழுவாகப் பாடுவதற்கு ‘சேர்ந்திசை’ போட்டுவிட்டேன். ஒருசிலர் மட்டும் வாசிக்கும் சேம்பர் மியூசிக்கில்தான் நிற்கிறேன். ‘அறையிசை’ என்றால் சிரிப்பீர்களா? வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.
— ம.

*

சிரிப்பேன் அம்மா. வினைத்தொகையாகப் பிரித்தால் அறைந்த இசை, அறைகின்ற இசை, அறையும் இசை. ‘அறைபறை அன்னர் கயவர்’ என்கிறார் வள்ளுவர், அங்கே அறை என்றால் அடி. ஏழாம் வேற்றுமைத் தொகை என்று நீங்கள் வாதாடலாம், வாசகர் நன்னூலை மடியில் வைத்துக்கொண்டா படிக்கப்போகிறார்? கன்னத்தில் விழுவதுதான் நினைவுக்கு வரும். சிலம்பில் வேந்தருக்கான வேத்தியல், பொதுமக்களுக்கான பொதுவியல் என்று இரண்டு உண்டு. சேம்பர் என்பது அரண்மனைக் கூடம்தானே? ‘வேத்தியலிசை’ என்று துணிந்து போடுங்கள்.
— புலவர் சு.

*

ஐயா, அரண்மனை பாதிதான் சரி. 1717 முதல் 1723 வரை பாக் கோத்தன் என்ற ஊரில் இளவரசரிடம் வேலை பார்த்தார், அதுவரைக்கும் வேத்தியல் பொருந்தும். லைப்சிக்கில் கதை வேறு. 1729இல் கொலேஜியம் மூசிக்கும் என்ற மாணவர் குழுவை ஏற்று, சிம்மர்மன் என்பவரின் காபிக்கடையில் குளிர்காலத்தில் வெள்ளிதோறும் இரவு எட்டு முதல் பத்து வரை, வெயில்காலத்தில் புதன் மாலைகளில் கடைக்காரரின் தோட்டத்தில் என்று நடத்தினார்கள். தோட்டத்தில் வாசித்ததில் வேந்தனும் இல்லை, அறையும் இல்லை! இன்னொன்று, இசையமைப்பாளர் கொரெல்லி காலத்து இத்தாலியர்கள் சொனாட்டா என்ற கருவியிசை வகையைக் கோயிலுக்கானது, சேம்பருக்கானது என்று இரண்டாகப் பிரித்தார்கள். கொரெல்லியின் முதல் தொகுதியும் மூன்றாவதும் கோயில் வகை, இரண்டும் நான்கும் மற்றது. ஆக ‘கோயிலுக்கு வெளியே’ என்பதுதான் அன்றைய பொருள். இன்று அந்தப் பொருளும் தேய்ந்து, ஒவ்வொரு இசைவரிக்கும் ஒரே ஒரு கருவி என்ற அளவில் நிற்கிறது. ‘சிறுகுழு இசை’ போதாதா? யாருக்கும் புரியும்.
— இரா.

*

சேம்பர் ஆஃப் காமர்ஸ் ‘வர்த்தக சபை’ ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. ‘சபையிசை’ என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமே.
— வே.

*

வே. தம்பி, அது மட்டும் வேண்டாம். எங்களுக்குச் சபை என்றாலே திருச்சபை. இரா. சொன்ன கணக்குப்படி நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவன், ‘சேர்ந்திசை’யிலும் எனக்குக் குறை உண்டு. பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். பாக்கில் நாலு பார்ட்டும் தனித்தனி வழியில் போய் ஒன்றை ஒன்று துரத்தும். பெரிய வெள்ளிக்கு நாங்கள் பாடும் ‘இரத்தம் காயம் குத்தும்’ இருக்கிறதே, பெப்ரிசியஸ் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழாக்கியது, அதன் மெட்டை இயேசுவின் பாடுகளைப் பாடும் ‘மத்தேயு பாடுகள்’ என்ற படைப்பில் பாக் ஐந்து முறை எடுத்தாள்கிறார், ஒவ்வொரு முறையும் கீழ்க்குரல்களின் நடை வேறு. அந்த மெட்டே 1601இல் ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளர் போட்ட காதல் பாட்டினுடையது என்பதை எங்கள் பாட்டிமாரிடம் சொல்லிவிடாதீர்கள். ‘பல்குரலிசை’ என்று வையுங்கள்.
— தா.

*

பாக் காலத்து இசைப்பாணியின் பெயரான பரோக்கை மட்டும் ஏன் அப்படியே விடுகிறீர்கள்? போர்த்துக்கீசிய மொழியில் பரோக்கோ என்றால் கோணல்மாணலான முத்து. அவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே நம் முத்துக்குளித்துறையில் இறங்கியவர்கள். நம் ‘பரல்’தான் அங்கே போய்ப் பரோக்கோ ஆகியிருக்கிறது, கண்ணகி சிலம்பில் இருந்தது பரல்தானே. ‘கோண்முத்திசை’ என் முன்மொழிவு. கலப்பில்லாத சொல்.
— தமிழ்வேள்

*

கண்ணகி சிலம்பில் இருந்தது மாணிக்கம் ஐயா, முத்து இருந்தது பாண்டிமாதேவி சிலம்பில். அந்த வித்தியாசத்துக்குத்தான் மதுரை எரிந்தது. ஒலி ஒத்துப்போனால் வேர் ஒத்துப்போனதாகுமா? பரோக் பரோக்காகவே இருக்கட்டும்.
— இரா.

*

எல்லாருக்கும் நன்றி. ‘சிறுகுழு இசை’ என்று போட்டால் தவில் செட்டு வரை எல்லாமே அதற்குள் வந்துவிடும் போலிருக்கிறது. சபைக்குப் பதில் அவை, ‘சிற்றவையிசை’ எப்படி?
— ம.

*

கம்பனில் சிற்றவை என்றால் சின்னம்மா, அதாவது கைகேயி. இராமன் காட்டுக்குப் போனபின் வாசிப்பதா?
— புலவர் சு.

*

சரி, ‘சிற்றரங்கிசை’. புலவர் ஐயாவைத் தவிர யாரும் பெரிதாக மறுக்கவில்லை, தா. அண்ணன் மட்டும் ‘பரவாயில்லை’ என்று தனிமடல் போட்டார். பல்குரலிசையை மாஸ், மோட்டெட் (பலகுரல் பக்திப் பாடல்) வரும் இடங்களில் எடுத்துக்கொண்டேன். பரோக் அப்படியே. அனுப்பிவிட்டேன்.
— ம.

*

தோட்டம் அரங்கா?
— இரா.

*

நான் மறுத்தது மறுத்ததுதான். அரங்கு என்றாலே மேடையும் திரையும் வந்துவிடும், அரங்கேற்றுகாதையில் மேடைக்குக் கோல் அளவே சொல்லியிருக்கிறது. அடுத்த பதிப்பு வந்தால் ‘வேத்தியல்’ என்று அடிக்குறிப்பாவது போடச் சொல்லுங்கள். தமிழ்வேளுக்குத் தனியே எழுதுகிறேன்.
— புலவர் சு.